எல்லையில் இறங்கி நடந்த அக்கா

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு தை மாதத்தில் நடந்தது இது. மன்னாரிலிருந்து என் அக்கா விசிட் விசாவில் ஒஸ்லோவுக்கு வந்து, ஹவுகன்ஸ்டுவா பகுதியில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். நத்தார்ப் பண்டிகைக்கு வந்தவர் ஊர் திரும்பச் சில நாட்களே இருந்தன. அதற்குள் சுவீடனில், கோத்தன்பர்க்கில் இருக்கும் எங்கள் பெரியம்மாவின் மகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார். பனியில் அவ்வளவு தூரம் கார் ஓட்ட எனக்குத் தைரியம் கிடையாது. பஸ்ஸிலேயே போய் வரலாம் என்று முடிவு செய்தோம்.

பயணத் திட்டம் போடுவதில் என்னை அடிக்க ஆளில்லை. வீட்டில் எனக்குப் போக்குவரத்து மந்திரி என்றே பெயர். எந்த பஸ், எங்கே நிற்கும், அங்கிருந்து எந்த டிராம், பனி கொட்டினால் மாற்று வழி எது என்று எல்லாம் பார்த்து வைத்தேன். டிக்கெட்டுகள் என் போனில். இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள், என் கைப்பையில். அக்காவிடம் கொடுத்தால் எங்காவது வைத்துவிட்டுத் தேடுவார் என்று நானே வைத்துக்கொண்டேன்.

போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. அக்காதான் நிமிடத்துக்கு ஒரு தரம், "போடர் எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அது போயிட்டுதக்கா. பெரிய பாலம் ஒண்டு தாண்டினமெல்லே, அதுதான்."

"ஒருத்தரும் மறிக்கேல்லையே!" என்று என்னை நம்பாமல் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாடுகளுக்கு நடுவே இப்படியும் போகலாம் என்று, ஏதோ நானே அந்தப் பாலத்தைக் கட்டியது போலப் பெருமையாகச் சொன்னேன்.

திரும்பி வரும்போது வயிற்றைக் குமட்டாமல் இருக்க ஒரு மாத்திரை போட்டேன். அது என்னை நன்றாகத் தூங்க வைத்துவிட்டது. யாரோ தோளில் தட்டியபோதுதான் விழித்தேன். பஸ் நின்றிருந்தது. பாலம் தாண்டி நோர்வேப் பக்கத்தில் இருக்கும் சுங்கச் சோதனைச் சாவடி. சீருடை போட்ட இளம் பெண் அதிகாரி ஒருவர் பாஸ்போர்ட் கேட்டார். தூக்கக் கலக்கத்தில் உறையைத் திறந்து இரண்டையும் நீட்டினேன். அவர் ஒன்றைத் திருப்பித் தந்துவிட்டு மற்றதை விரித்துப் பார்த்தார். இவர் எங்கே என்று கேட்டார்.

பக்கத்து இருக்கை காலி.

கழிவறையில் இருப்பார் என்றேன். எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அக்காவின் பயணப்பையையும் மேல்தட்டில் காணவில்லை. பின்னால் இருந்த ஒரு பயணி, நடுக்கதவு திறந்ததும் அந்த அம்மா பையோடு இறங்கிப் போனதாகச் சொன்னார். புகைபிடிக்கப் போகிறார் என்று நினைத்தாராம். செபமாலை சொல்லாமல் பஸ் ஏறாத என் அக்கா புகைபிடிக்கவா!

வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. பின்னேரம்தான், ஆனால் தை மாதத்தில் இங்கே அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். சாவடியைச் சுற்றியிருந்த பெரிய வளவு முழுக்க லொறிகள் நின்றன. அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. வாகனங்கள் இரைந்துகொண்டு போவது கேட்டது. அக்காவுக்கு நோர்வேஜிய மொழியில் ஒரு சொல் தெரியாது. அவரிடம் போன் இல்லை. அவருடைய பாஸ்போர்ட் அதிகாரியின் கையில் இருந்தது.

இன்னொரு பயமும் கூடவே வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதிகாரி விசாவின் கடைசித் திகதியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். திரும்பிப் போகச் சில நாளே இருக்கும் ஒருவர், எல்லையில் பையோடு காணாமல் போனால் என்ன நினைப்பார்கள்? விசாவுக்குப் பொறுப்பாகக் கையெழுத்துப் போட்டவள் நான். எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியெல்லாம் அந்த நேரம் வாயில் வர மறுத்தது. அக்கா, என் அக்கா என்று மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டு கீழே இறங்கி ஓடினேன். அதிகாரியும் பின்னால் வந்தார்.

லொறிகளுக்கு நடுவில் குனிந்து குனிந்து பார்த்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. ஒரு லொறியின் சில்லுக்குக் கீழே ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அழுக்குப் பனிக்கட்டி. அப்போதுதான், வளவிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஏறும் வழியில் ஒரு லொறி விட்டு விட்டு ஹோர்ன் அடித்தது. அதன் மஞ்சள் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. அதன் பக்கத்தில், தன் உடம்பைவிடப் பெரிய மஞ்சள் மேலங்கி ஒன்றைப் போட்டுக்கொண்டு அக்கா நின்றார்.

"ஏன் ஓடி வாறாய்? வழுக்கும், மெதுவா வா" என்றார்.

அவரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன். லொறிச் சாரதி ஒரு நடுவயதுக்காரர். நான் வந்த புதிதில் பேசியது போலவே உடைந்த நோர்வேஜிய மொழியில் பேசினார். வழியோரமாக நடந்துகொண்டிருந்த அக்காவைக் கண்டு லொறியைக் குறுக்கே நிறுத்தியிருக்கிறார். பின்னால் வரும் வாகனங்களுக்குத் தெரியட்டும் என்று தன் மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டிருக்கிறார். லொறிக்குள் ஏறச் சொன்னதற்கு அக்கா மறுத்து, தன் இலங்கை அடையாள அட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அதில் உள்ள ஒரு எழுத்தும் சாரதிக்குப் புரியாது. ஆனாலும் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, தலையாட்டிவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு அக்காவுக்குக் காற்றுப் படாதபடி மறைத்துத் தானும் கூடவே நின்றிருக்கிறார். நான் நன்றி சொல்லி முடிப்பதற்குள் மேலங்கியை வாங்கிப் போட்டுக்கொண்டு லொறியில் ஏறிவிட்டார்.

அதிகாரி கடுமையாகத்தான் பேசினார். எங்கள் நாட்டில் சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் சனத்தை இறக்கி நடக்கவிடுவார்கள் என்று தட்டுத் தடுமாறி விளக்கினேன். இனி அப்படி நடக்க விடாதீர்கள், ஆபத்து என்று சொல்லிப் பாஸ்போர்ட்டைத் திருப்பித் தந்தார். அதை நான் அக்காவின் கையிலேயே கொடுத்தேன்.

பஸ் புறப்பட்டது. பயம் கோபமாக மாறியது. "என்னை எழுப்பியிருக்கலாமே அக்கா?" என்று சீறினேன்.

அக்கா அமைதியாகச் சொன்னார்: "சீருடையோட ஏறினவங்கள். எல்லாரையும் இறக்கி நடக்க விட்டு, பஸ் அங்கால வந்து ஏத்தும் எண்டு நினைச்சன். நீ நல்ல நித்திரை. முதல் ஆளா நான் போனா, கேக்கிறதை என்னட்டைக் கேக்கட்டும், பிடிச்சாலும் என்னைப் பிடிக்கட்டும் எண்டுதான் உன்னை எழுப்பேல்லை. உனக்கு உதுகள் பழக்கமில்லையெல்லே, நீ முந்தியே இஞ்சை வந்திட்டாய்."

நான் ஒஸ்லோவில் பஸ் நேரம் பார்த்துப் பழகிய அத்தனை வருடங்களும், அக்கா அந்தச் சாவடிகளைத் தனியாக நடந்து கடந்திருக்கிறார். அங்கே என்ன நடந்தது என்று நான் ஒருநாளும் இருந்து கேட்டதில்லை. அன்றைக்குத்தான் கேட்டேன். ஒஸ்லோ வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார், சில இடங்களில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா ஊருக்குப் போய் இப்போது சுகமாக இருக்கிறார். ஆனாலும், தூங்குகிற தங்கையை எழுப்பாமல் அவர் எனக்காக அந்தப் பனியில் முன்னால் நடந்த தூரத்தை நினைத்தால், எனக்கு இன்றைக்கும் பஸ்ஸில் தூக்கம் வருவதில்லை.