கடுகு பொரியும் நேரம்

கற்பகம் தாளிப்புக் கரண்டியை அடுப்பில் வைப்பதற்கு முன் வாசல் பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுக்கிறாள். "ஏனுங்க, தாளிக்கப் போறனுங்க." ராஜசேகர் பேசிக்கொண்டிருந்த பேச்சை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு தென்னந்தோப்புக்குள் நடக்கிறார். மோட்டார் அறை வரைக்கும் போய் நின்றுகொள்வார். கறிவேப்பிலை வாசம் அங்கே வந்து சேர்ந்ததும் திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

மலையாள எல்லைக்குள் இருக்கிற எலப்புள்ளியில் அந்தத் தெருவுக்கே இது தெரியும். "கடுகுக்குப் பயந்து காட்டுக்குள்ள ஓடறான் பாரு" என்று பக்கத்து வீட்டுச் சின்னமுத்து சிரிப்பார். ராஜசேகரும் கூடச் சிரிப்பார். ஆனால் திரும்பி வரும்போது சட்டையின் முதுகு நனைந்திருக்கும், வலது கை தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அதைக் கற்பகம் மட்டும்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டுச் சோற்றைப் போடுவாள்.

ஆள் தொடைநடுங்கி இல்லை. கிணற்றில் விழுந்த எருமையை, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி மேலே ஏற்றியவர். கஞ்சிக்கோட்டில் பழைய இரும்பை உருக்கும் கம்பெனியில் ஃபர்னஸ் வாயிலேயே நின்று பாதி வயதைக் கழித்தவர். அந்த வெக்கையைப் பற்றிக் கேட்டால், "பழகிப்போச்சுன்னா அதும் நம்ம ஊட்டு அடுப்பு மாதிரித்தானுங்க" என்பார். கேட்கிறவருக்குத்தான் வியர்க்கும்.

அந்த அடுப்புக்கு ஒரே ஒரு விதிதான். ஈரம் ஆகாது. உருக்கப் போடுகிற பழைய இரும்பில், மூடிய குழாய் ஒன்றுக்குள் ஒரு கை தண்ணீர் தங்கியிருந்தாலும் போதும். உருகிய இரும்பில் விழுந்தால் அது வெடிகுண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஆடி மாதம் இரும்பு குவித்து வைத்த கொட்டகையின் தகரம் பிய்ந்து, மழை நேராக உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. தகரம் மாற்றச் சொல்லிச் சொல்லி ஆட்களுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருநாள் ராஜசேகரும் அவரோடு வேலை செய்த லோகேஷும் சரக்கு நனைந்திருக்கிறது, காயட்டும் என்று ஷிஃப்ட் இன்சார்ஜிடம் சொன்னார்கள். உற்பத்தி நின்றால் உன் அப்பனா பதில் சொல்வான், போடு என்றார் அவர். போட்டார்கள். பெரிய சத்தத்துக்கு முன்னால் சின்னதாகப் படபடவென்று ஒரு பொரிதல் கேட்டதாம். பெரிய சத்தம் ராஜசேகருக்கு நினைவே இல்லை. அந்தச் சின்னச் சத்தத்தைத்தான் அவர் உடம்பு பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

லோகேஷ் பிழைக்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பையன். ராஜசேகருக்கு முழங்கை வரைக்கும் வெந்து, ஆறி, தோல் வழவழவென்று ஆனது. கம்பெனி டாக்டர் அந்தத் தோலைத் தடவிப் பார்த்து, வேலைக்குத் தகுதி என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. சாப்பிட்டது நிற்கவில்லை. நெஞ்சு திடீரென்று அடித்துக்கொண்டது. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்தே போனது. இருதயத்தைப் படம் எடுத்துப் பார்த்தவர்கள் கேஸ் என்றார்கள். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தவர்களும் கேஸ் என்றார்கள். நம் ஊரில் மனிதனுக்கு வருகிற துன்பம் அத்தனைக்கும் ஒரே பெயர்தான் இருக்கிறது போலும். பூசாரி வேப்பிலை அடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, பயந்த கோளாறு என்றார். சொல்லப்போனால் படித்தவர்களைவிட அவர்தான் கொஞ்சம் கிட்டே போனார்.

கடைசியில் ஒரு பெண் டாக்டர் உட்கார வைத்து முழுக் கதையையும் கேட்டார். வயிறு நெஞ்செல்லாம் நன்றாக இருக்கிறது, அந்த அதிர்ச்சி இன்னும் உள்ளே இருந்துகொண்டு உடம்பை ஆட்டுகிறது, இதற்கும் மருந்து இருக்கிறது, பேசிப் பேசி ஆற்றுகிற வழியும் இருக்கிறது என்று சொல்லி, மனநல மருத்துவரிடம் போக ஒரு சீட்டு எழுதினார். ராஜசேகர் ஏமாளி, அந்தச் சீட்டைக் கம்பெனியில் காட்டி லீவு கேட்டார். அங்கே போய் வைத்தியம் பார்க்கிற ஆளை இங்கே எப்படி வைத்துக்கொள்வது என்று ஆபீசில் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். கை வெந்தால் லீவு கொடுப்பார்களாம், மனது வெந்தால் ஆளையே அனுப்பிவிடுவார்களாம். மகள் நர்சிங் படிக்கிறாள், வேலை போனால் ஃபீஸ் கட்ட முடியாது. சீட்டு சட்டைப் பையிலேயே மடிந்து கிழிந்தது. அவரை ஃபர்னஸிலிருந்து மாற்றி, கையுறையும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோரில் உட்கார வைத்தார்கள். அதையும் ஒரு தயவாகச் சொல்லிக்கொண்டார்கள்.

தயவுக்கு விலை உண்டு. வருடந்தோறும் மார்ச்சில் பாதுகாப்பு வாரம் வரும். பந்தல் போட்டு, வாழை கட்டி, ராஜசேகரை மேடையேற்றுவார்கள். பாதுகாப்பு ஆபீசர் ஜிபி நல்ல மலையாளத்தில் சொல்லிக்கொடுத்த பேச்சை அவர் ஒப்பிக்க வேண்டும். விபத்துக்குக் காரணம் எங்கள் அஸ்ரத்த என்று அதில் ஒரு வரி வரும். கவனக்குறைவு என்று அர்த்தம். தகரம் மாற்றாதது யார், போடு என்றது யார்? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பேசி முடித்ததும் கைதட்டி ஒரு எவர்சில்வர் பிளாஸ்க் கொடுப்பார்கள். பரணில் அப்படிச் சில பிளாஸ்க்குகள், அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் கிடக்கின்றன. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவதற்கு அங்கே விழா என்று பெயர்.

அந்தக் கூட்டத்தில் ஓரமாக நின்று டீ ஊற்றுகிறவள் காளியாத்தாள், லோகேஷின் அம்மா. மகன் போனதற்குப் பதிலாகக் கேன்டீனில் வேலை கொடுத்திருக்கிறார்கள். தன் மகன் தன் கவனக்குறைவால் செத்தான் என்பதை வருடா வருடம் மைக்கில் கேட்டுக்கொண்டே அவள் டம்ளர்களை நிரப்புவாள். போன வருடம் விழா முடிந்ததும் ஸ்டோருக்கு வந்து, ராஜசேகருக்கு நேராக நின்று கேட்டாள்.

"ஏஞ் சாமி, என்ற பையன் அப்படிக் கவனமில்லாத பையனா? உனக்குத் தெரியாமயா இருக்கும்?"

அவர் கையுறைகளை எடுத்து அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். அன்றிலிருந்து அவள் ஊற்றுகிற டீ அவருக்கு இறங்குவதில்லை. "தொண்டைல வந்து நின்னுக்குதுங்க" என்று கற்பகத்திடம் மட்டும் சொன்னாராம். அதற்கும் ஒரு டாக்டர் கேஸ் மாத்திரை எழுதினார்.

இந்த மார்ச்சிலும் பந்தல் போட்டார்கள். முன்வரிசையில் மேனேஜர், அவருக்கு முன்னால் வெள்ளைத் துணி விரித்த மேசை, பின்னால் ஃபர்னஸ் ஆட்கள். மேனேஜர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பதால் பேச்சுக்கு முன்பே பிளாஸ்க்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். ராஜசேகர் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். அந்த வரி வந்ததும் நின்றுவிட்டார். மறந்துவிட்டது என்று நினைத்து ஜிபி கீழேயிருந்து அஸ்ரத்த, அஸ்ரத்த என்று எடுத்துக் கொடுத்தார். டீ கேனுக்குப் பக்கத்தில் காளியாத்தாள் டம்ளரைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த வார்த்தையோடு வேலை போய்விடும் என்று ராஜசேகருக்குத் தெரியும்.

"இரும்பு நனஞ்சிருந்துச்சுங்க" என்றார் தமிழில். "போட வேண்டாம்னுதானுங்க லோகேசு சொன்னான்."

மைக் அணைந்தது. அவர் படி இறங்கி மேனேஜரின் மேசைக்கு வந்தார். அங்கிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிளாஸ்க்குக்குள் ஊற்றினார். கை நடுக்கத்தில் பாதித் தண்ணீர் வெள்ளைத் துணியில் சிந்தியது. பின்வரிசையில் ஃபர்னஸ் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மூடிய இரும்புக்குள் தண்ணீர் என்றால் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ராஜசேகர் மூடியை இறுகத் திருகி, அந்தப் பிளாஸ்க்கை மேனேஜரின் கைக்கு நேராகப் படுக்க வைத்தார்.