மேல்வீட்டுக் காலிங் பெல்

ஊரப்பாக்கத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் குமரேசனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹவுஸ் ஓனர் என்றுதான் சொல்வார்கள். தாத்தா நெல் விளைத்த நிலத்தை அப்பா மனை போட்டு விற்றார். விற்றது போக மிஞ்சிய இடத்தில் ஒரு மாடி வீடு நிற்கிறது. கீழே குமரேசனும் மனைவி ஹேமாவதியும் அம்மா தாயாரம்மாளும். மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். ஹவுஸ் ஓனர் என்ற பட்டம் இருந்ததால் அவனுக்கு வேலை இல்லை என்பது தெருவில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவனுக்கு மட்டும் உறைத்தது. காலையில் ஹேமாவதி காட்டாங்குளத்தூர் கல்லூரியில் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பும்போது ஸ்கூட்டரைத் தெருவுக்குத் தள்ளிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்து கேட்டைச் சாத்துவான். அவனுக்கு நாளிலேயே பிடிக்காத நேரம் அதுதான்.

வேலையே பார்க்காதவன் என்று சொன்னால் பாவம். ஊரே என்ஜினியரிங் படித்தது, அவனும் படித்தான். நண்பன் கால் சென்டரில் சேர்ந்தான், இவனும் பின்னாலேயே போனான். அப்புறம் மாமா பையனைப் பார்த்து ஜி.எஸ்.டி. ரோட்டில் கார் ஷோரூம். அடுத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தால் எங்காவது பிடிக்கத்தானே செய்யும். முப்பத்தைந்து வயதில் ஷோரூம் வேலையையும் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஹேமாவதி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று நினைத்தான்.

மதியமெல்லாம் வேலை தேடும் வித்தை சொல்லித்தரும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினான். எந்த வேலை காலியாக இருக்கிறது என்று பார்க்காதே, ஜனங்கள் உன்னை எதற்குத் தேடி வருகிறார்கள் என்று பார் என்றார் ஒரு கோட்டுக்காரர். அதை அவன் ஹேமாவதியிடமே கேட்டான்.

“என்னை எதுக்குத் தேடி வராங்க?”

“மோட்டார் ஓடலைன்னா வராங்க. கரண்ட் போயி லைன்மேன் போன் எடுக்கலைன்னா வராங்க. செப்டிக் டேங்க் லாரி வேணும்னா வராங்க. இதுக்கெல்லாம் இப்ப தனியா வேலையே இருக்கு தெரியுமா? பெரிய அப்பார்ட்மெண்ட்ல மேனேஜர் வைக்கிறாங்க.”

தேடினான். வண்டலூர் பக்கம் நாலைந்து குடியிருப்புகளை நிர்வகிக்கும் கம்பெனி ஒன்று ஆள் கேட்டிருந்தது. அந்த விளம்பரத்தைப் படிக்கப் படிக்கத் தன்னைப் பற்றி யாரோ எழுதி வைத்ததுபோல் இருந்தது. முதல் தடவையாக ஒரு வேலை அவனுக்கு ஆசையாக இருந்தது. பயோடேட்டாவைக் கம்ப்யூட்டர்தான் முதலில் படிக்குமாம். அதனால் விளம்பரத்தில் இருந்த சொற்களையே தேடித் தேடி அதில் சேர்த்தான். ஷோரூமில் உடன் வேலை பார்த்தவரைப் பிடித்து லிங்க்ட்இன்னில் நாலு நல்ல வார்த்தை எழுத வைத்தான். வீடியோ இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தபோது ஹேமாவதி கண் கலங்கிவிட்டாள். இது கைநழுவினால் இனி அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே அவன் கவலையாக இருந்தது.

இன்டர்வியூவில் கதை சொல்லத் தெரிய வேண்டும் என்றார் கோட்டுக்காரர். சொந்த அனுபவத்தில் ஒரு சிக்கல், நீ செய்த காரியம், கிடைத்த பலன். குமரேசனிடம் ஒரு கதை இருந்தது. போன கோடையில் மேல் வீட்டு சுபத்ரா, தண்ணீரில் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லிக்கொண்டு இறங்கி வந்தாள். குமரேசன் உடனே தரைக்கடியில் இருக்கும் சம்ப்புத் தொட்டியைத் திறந்து பார்த்து, விரிசலைக் கண்டுபிடித்து, அன்றைக்கே அடைத்து, அந்தம்மாவிடம் பொறுமையாக விளக்கிச் சொன்னான். கதை இப்படி. நடந்தது வேறு. “எங்களுக்கு ஒண்ணும் நாறல. புடிக்கலன்னா காலி பண்ணிக்கினு போ” என்றாள் தாயாரம்மாள். குமரேசன் கேட்டுக்குப் பின்னால் போனைப் பார்த்தபடி நின்றான். மேல் வீட்டுக்காரர்கள் கேன் தண்ணீரில் குளித்தார்கள். கீழ் வீட்டுக் குழாயிலும் நாற்றம் வந்த பிறகுதான் சம்ப்பு மூடியில் அவன் கை பட்டது.

இன்டர்வியூ அன்று காலை குளியலறைக் கண்ணாடி முன் நின்று கதையைப் பலமுறை சொல்லிப் பார்த்தான். சொல்லச் சொல்ல அப்படித்தான் நடந்தது என்று அவனுக்கே தோன்றிவிட்டது.

திரையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். பாதியில், ஆபரேஷன்ஸிலிருந்து இன்னொருவர் சேர்கிறார் என்றார்கள். முகம் தெரியவில்லை. ஒரு வட்டத்துக்குள் எஸ்.ஆர். என்ற எழுத்துகள் மட்டும். அந்த நேரத்தில் குமரேசன் தன் கதையில் சம்ப்புக்குள் இறங்கியிருந்தான். தலைக்கு மேலே மேல் வீட்டில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அவன் நிறுத்தவில்லை. அந்தம்மா நன்றி சொன்னதுவரை சொல்லி முடித்தான்.

“மிஸ்டர் குமரேசன், ஒரு கேள்வி” என்றது எஸ்.ஆர். வட்டம். எங்கேயோ கேட்ட குரல்.

அப்போது குருவி கத்தியது. தாம்பரம் மார்க்கெட்டில் அவனே வாங்கி மேல் வீட்டில் மாட்டிய காலிங் பெல். முதலில் கூரை வழியாகக் கேட்டது. ஒரு நொடி கழித்து அதே குருவி லேப்டாப்புக்குள் கத்தியது. அடுத்து அவன் அம்மாவின் குரல் லேப்டாப்பிலிருந்து வந்தது.

“இன்னாம்மா, சேர இழுத்துகினே கீற? கீழ எம்புள்ள இன்டர்வியூல கீறான். கொஞ்சம் கம்முனு இரேன். அப்பால, இந்தக் கம்பில துணி காயப்போடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

தாயாரம்மாளுக்கு மேல் வீட்டைப் பற்றித் தெரியாதது இல்லை. எந்தப் பால் வாங்குகிறார்கள், யார் வந்தார்கள், எத்தனை பேர் தங்கினார்கள், எல்லாம் அத்துப்படி. சுபத்ரா வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறாள் என்பதும் தெரியும். அது என்ன வேலை என்று கீழ் வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வட்டம் மறைந்து சுபத்ராவின் முகம் வந்தது. பின்னால் அவன் பெயின்ட் அடித்த பச்சைச் சுவர்.

“சாரி, நான் இப்பதான் கால்ல ஜாயின் பண்ணேன். நான் இவங்க வீட்டு டெனண்ட். இவருக்கு நான் மார்க் போடறது முறையில்ல. நீங்க ரெண்டு பேரும் கண்டினியூ பண்ணுங்க” என்றாள். அந்தக் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் மறைந்தது.

அவள் போட்டுக் கொடுத்திருந்தால்கூட குமரேசனுக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. திரையில் இருந்த ஆண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பரவாயில்ல, சொல்லுங்க” என்றார்.

“அன்னிக்கே நான் சம்ப்பைத் திறக்கல சார்” என்றான் குமரேசன். “எங்க குழாயிலயும் நாத்தம் வந்தப்புறம்தான் திறந்தேன்.”

இந்த முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை என்று மதியமே மெயில் வந்துவிட்டது. சாயங்காலம் அவன் மாடிப்படி ஏறினான். பெல்லை அழுத்தக் கூச்சமாக இருந்தது. கதவைத் தட்டினான்.

சுபத்ரா திறந்தாள். முகம் மாறியது. “சார், ரிசல்ட்ல நான் எதுவும் பண்ணல.”

“அதுக்கு வரல மேடம். தண்ணி விஷயமா வந்தேன். அன்னிக்கு எங்கம்மா பேசினதும் தப்பு. நான் பேசாம நின்னது அதைவிடத் தப்பு.”

அவள் கதவைப் பிடித்தபடியே மெதுவாகச் சொன்னாள்.

“நாங்க காலி பண்றோம் சார். அஸ்தினாபுரத்துல வீடு பார்த்தாச்சு. ரொம்ப நாளா உங்ககிட்ட சொல்லணும்னு இருக்கேன், பயமா இருந்துது. எப்படி ஆரம்பிச்சா நீங்க கோபப்பட மாட்டீங்கன்னு தெரியாம, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.”

கோபமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். அந்த வாயை இவள் எதற்கு நம்ப வேண்டும் என்று தோன்றவே, தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கினான்.

கீழே தாயாரம்மாள் காத்திருந்தாள். “இன்னாடா, வேலை இன்னாச்சு? மேல இன்னா சொல்லிச்சு அந்தப் பொண்ணு?”

“வேலை கிடைக்கலம்மா. அவங்க காலி பண்றாங்க.”

“போனா போறாங்க. நாளைக்கே வேற ஆள் வரும். அந்த டு-லெட் போர்டை எட்து மாட்டு.”

போர்டு பரண்மேல் இருந்தது. குமரேசன் அதை எடுக்கவில்லை. வெளியே ஹேமாவதியின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கேட்டைத் திறக்கப் போனான்.