மாமா பிடித்த பூத்தட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே பல வருஷம் போய்விட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது அம்மனிடமே கேட்டுப் பார்ப்பேன். எழுது என்று அவள் சொன்னதில்லை. வேண்டாம் என்றும் சொன்னதில்லை. சம்பந்தப்பட்ட பெரியவர்கள் யாரும் இப்போது இல்லை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வந்தபடி எழுதுகிறேன்.

அறுபதுகளில் நாங்கள் தாராவியில் ஒரு சாலில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. அம்மாவின் தம்பி, என் மாமா, குர்லாவில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டினார்; எங்களோடேயே இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. சிகரெட், குடி எதுவும் கிடையாது. சீட்டு வித்தைதான் ஒரே பைத்தியம்.

கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் வாங்கிய அட்டை கிழிந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். உள்ளே படமெல்லாம் கைகள்தான். ஆள் இருக்காது, மணிக்கட்டோடு கை மட்டும் சீட்டைப் பிடித்திருக்கும். அதோடு சோர் பஜாரில் தேடிப் பிடித்த சாமான்கள்: ஒரு முனை மட்டும் மயிரிழை குறுகலாகச் சீவிய சீட்டுக்கட்டு, அடியில் கள்ளத் தட்டு வைத்த தகரப்பெட்டி. சாமி விளக்கு எரிகிற இடத்தில் சீட்டுக்கட்டு இருந்தால் மூதேவி குடியேறிவிடுவாள் என்று அம்மா அத்தனையையும் மோரியில், குளிக்கிற மூலையில், சோப்புப் பலகைக்கு மேலே வைக்கச் சொல்லிவிட்டாள். புத்தகம் ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. இவன்கூட ரம்மி ஆட உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது வேட்டி மிஞ்சாது என்று அப்பா கேலி செய்வார். மாமா காசு வைத்து ஆடி நான் பார்த்ததில்லை.

மாமாவுக்கு இங்கிலீஷ் ஓடாது. அக்கா பதினொன்றாவது வரை படித்தவள். ஞாயிற்றுக்கிழமை சுட்டியன்று, லீவு நாளில், மோரி வாசலில் உட்கார்ந்து அவள் படித்துத் தமிழில் சொல்வாள். மாமா செய்து பார்ப்பார். சூதாடிகள் சீட்டின் ஓரத்தில் நகத்தால் பிறை மாதிரி அமுக்கி அடையாளம் வைப்பதும் அதில் இருந்தது. நமக்கு வேண்டிய சீட்டையே எதிராளியை எடுக்க வைப்பதும் இருந்தது. அதற்கு எதிராளி நான்தான்.

"எதை வேணும்னாலும் எடு பிள்ளே. ஒன் இஷ்டம்" என்று விசிறி போல விரித்து நீட்டுவார். என் விரல் நெருங்கும் நேரம் பார்த்து அவருக்கு வேண்டிய சீட்டு அடியில் வந்து நிற்கும். எத்தனை அடம்பிடித்தாலும் அதைத்தான் எடுப்பேன். நானே எடுத்தேன் என்றுதான் சத்தியம் செய்வேன்.

ஒரு வருஷம் அக்காவின் கல்யாணப் பேச்சு வந்தது. தாய்மாமன் இருக்கையில் வெளியே எதற்குப் போக வேண்டும் என்றாள் அம்மா. எங்கள் பக்கம் அது வழக்கம்தான். அப்பா மனசில் விக்ரோலியில் தொழிற்சாலை வேலையில் இருந்த ஒரு பையன். இரண்டு பேரும் பேச்சை நிறுத்தி, என் வழியாகவே உப்புப் புளி கேட்கும் நிலைமை வந்தது. மாமா எந்தப் பக்கமும் சேரவில்லை. அக்காவை யாரும் கேட்கவில்லை.

கடைசியில் அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. சிவப்பு அரளி வந்தால் மாமா. வெள்ளை அரளி வந்தால் விக்ரோலி. எடுக்க வேண்டியது ஒன்றும் அறியாத குழந்தை. அதற்கு என்னைத் தலைக்குக் குளிப்பாட்டிப் பாவாடை கட்டி நிறுத்தினார்கள்.

வாழையிலையை நறுக்கிக் கொடுத்தது மாமா. பூசாரி எல்லோர் கண்ணெதிரிலும் இலைக்கொரு பூவை வைத்து மடித்து நாரால் கட்டினார். பிறகு திரும்பி நின்று தட்டில் போட்டுக் குலுக்கினார். எது எது என்று அவருக்கே தெரியாது. ஒரு கையில் மணியும் மறு கையில் கற்பூரமும் எடுத்தவர், பொட்டணத் தட்டை யாராவது பிடியுங்கள் என்றார். என் தம்பி பிடிக்கட்டும் என்றாள் அம்மா. அப்பா கொஞ்சம் தயங்கினார்.

"பிடிக்கட்டும். அம்மன் முன்னாடி எவன் வெளையாடுவான்?" என்றார்.

ஆனாலும் அவர் கண் மாமாவின் கையை விட்டு நகரவில்லை. மாமா தனக்குச் சாதகமாக ஏதும் செய்துவிடுவாரோ என்ற பயம். எனக்கும் மாமாதான் வேண்டும். அக்கா எங்கும் போகாமல் வீட்டிலேயே இருப்பாள் அல்லவா? சிவப்பு வரவேண்டும் தாயே என்று வேண்டிக்கொண்டு கையை நீட்டினேன்.

பூசாரி பிரித்தார். வெள்ளை.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, ஒன் கையில கொள்ளிய வைக்க. அந்தப் பொட்டணந்தானா ஒனக்குத் தட்டுப்படணும்?"

"அவளை ஏன்க்கா ஏசுத? அம்மன் சொன்னதை அவ எடுத்தா. விடு" என்றார் மாமா.

நான் அழுதுகொண்டே பிரசாதமாகக் கொடுத்த அந்த இலையைப் பார்த்தேன். ஓரத்தில் பிறை மாதிரி ஒரு கீறல் இருந்தது. பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்தேன்.

கல்யாணம் மாட்டுங்காவில் நடந்தது. மாமா பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினார். அக்கா விக்ரோலியில் நன்றாகத்தான் வாழ்ந்தாள். மாமா பிறகு குர்லாவிலேயே ஒரு பெண்ணைக் கட்டி, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, வயதாகி இறந்தார். நானும் கல்யாணமாகி, வாழையிலையில் சோறு போட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அந்தக் கீறல் எனக்கு விளங்கியது. கை கழுவிவிட்டு அம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. அம்மன் தன் காரியத்துக்கு யார் கையை எடுத்துக்கொள்வாள் என்று நான் சொல்ல முடியாது.

அதன் பிறகுதான் வேறொன்று நினைவுக்கு வந்தது. பூக்கட்டியதற்கு முந்திய ஞாயிறு. அக்கா மோரி வாசலில் புத்தகம் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் மூடிவிட்டாள்.

"சின்னதுல என்னைய இடுப்புல தூக்கிக்கிட்டு அலைஞ்சியள்லா மாமா. அது அப்படியே இருக்கட்டுமே" என்றாள்.

பழைய கதை பேசுகிறார்கள் என்று நான் சிரித்தேன். மாமா சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. அவர் கையிலிருந்து சீட்டு விழுந்து நான் பார்த்தது அன்றுதான். குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் இருக்கிறபடியே சொல்லுங்கள். மாமா ஏமாற்றினார் என்று கூட்ட வேண்டாம், அம்மன் அற்புதம் செய்தாள் என்றும் கூட்ட வேண்டாம். அவர் சீட்டைத் தேடுகிறார் என்று நினைத்து நானும் பக்கத்தில் குனிந்து தேடினேன் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.