அக்காவின் தீட்டுக்கல்லை அறுத்த கதை

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் யாராவது அவரைப் "பொறுமையின் வடிவம்" என்று எழுதினால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவேன் என்று என் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிட்டேன். அக்கா உழைப்பாளி, நேர்மையானவர், யார் வீட்டில் பசி என்றாலும் முதலில் போய் நிற்பவர். ஆனால் பொறுமை? அது அவரோடு இருந்த எங்களுக்குத்தான் தேவைப்பட்டது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் அக்கா பிறந்தார். நான் பிறந்து சில மாதங்களில் அம்மா தவறிவிட, பதின்மூன்று வயதில் பள்ளியை நிறுத்திவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டார். பிறகு ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்மரம் வெட்டுக்குப் போனார். திருமணமாகி ஆறே ஆண்டுகளில் அத்தான் காலமானார். பிள்ளைகள் இல்லை. அக்கா அதே தோட்டத்துக்குத் திரும்பி வந்து அதே கத்தியை எடுத்தார். ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது, ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீனில் சமையலுக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும், ஈப்போ நகரில் வேலைக்குப் போகும் அளவுக்கு ஆளாக்கியதும் அவர்தான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். மற்றதையும் சொல்வேன்.

தோட்ட நிலத்தை விற்று, அக்கா அதுவரை குடியிருந்த தொழிலாளர் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அக்காவை ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மூட்டை முடிச்சுகளை லாரியிலிருந்து இறக்கும்போது ஒரு துணிமூட்டை என் கை நழுவி விழுந்தது. உள்ளே அக்காவின் தீட்டுக்கல். மரம் வெட்டிய காலம் முதல் அவர் கத்தி தீட்டிய கல், முழங்கை நீளம். மூன்றில் ஒரு பங்கு சாய்வாக உடைந்துபோனது. அக்கா வீட்டுக்குள்ளிருந்து வந்து பார்த்தார். நான் யோசிக்காமல், "லாரிக்காரன் போட்டுட்டான்க்கா" என்றேன்.

அன்று தொடங்கியது. அக்கா எங்கள் அடுப்படியில் கால் வைக்கவில்லை. "இதெல்லாம் கத்தியா? கரண்டி" என்றார். புதிய கல் வாங்கிக் கொடுத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, "சோப்புக் கட்டி மாதிரி வழுக்குது. கொண்டு போய்க் குடுத்துரு" என்றார். மூன்றாம் வாரம் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்.

"எங்கக்கா போறீங்க?"

"தோட்டத்துக்குத்தான்."

"அங்க வீடே இல்லியே!"

"மரத்தடி இருக்குலா."

என் மனைவி அழுதுவிட்டார். தன் சமையல் பிடிக்காமல்தான் நாத்தனார் கிளம்புகிறார் என்று அவருக்கு எண்ணம். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "சரி, அந்தக் கல்லையே சரி பண்ணித் தாரேன், உள்ள வாங்க" என்றேன். பை உள்ளே போனது.

அக்கா உடைந்த கல்லின் பெரிய பகுதியைத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தார். மேற்பரப்பு காய்ந்த பிறகும் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஈரமாக நின்றது. "பாத்தியா, விரிசல் இதுவரைக்கும் போயிருக்கு. இதைத் தாண்டி அறுக்கணும்" என்று பென்சிலால் கோடு போட்டார். நான் நண்பரிடம் ஓடு வெட்டும் மெஷினை இரவல் வாங்கி வந்து தண்ணீர் விடாமல் அறுத்தேன். வீடெல்லாம் தூசி. கல்லின் ஓரம் பொருக்குப் பொருக்காகத் தெறித்தது.

"நிறுத்துடா! மிச்சத்தையும் முழுங்கிருவே போல."

கடைசியில் சுண்ணாம்பு மலையடிவாரத்தில் கல்லறைக் கற்கள் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் போனோம். அதன் சீன முதலாளி பல ஆண்டுகள் தமிழ் ஆட்களோடு வேலை செய்தவர். கல்லைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது போச்சி லா. புதுசு வாங்கு" என்றார்.

"நீ அறுப்பியா, மாட்டியா? அதச் சொல்லு."

அவர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே கல்லை எடுத்துப் போனார்.

தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க, வாள் மெதுவாகக் கல்லுக்குள் இறங்கியது. நாங்கள் பெயர் எழுதாத கற்களுக்கு நடுவே ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஏனோ அதற்கு மேல் தாங்கவில்லை.

"அக்கா, கல்லைப் போட்டது லாரிக்காரன் இல்ல. நான்தான்."

"தெரியும்லா" என்றார், வாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவன் போட்டிருந்தா நீ அவன்கிட்ட சண்டைக்குப் போயிருப்பே. நீ சும்மா நின்னே."

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஒரு மாசம் ஆக்கிட்டே."

அந்த ஒரு மாதமும் அவர் கோபப்பட்டது கல்லுக்காக இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அழுவதா, கத்துவதா என்று தெரியவில்லை. முதலாளி கல்லைக் கொண்டு வந்து நீட்டினார். ஒரு சாண் நீளம், விரிசல் இல்லை. அக்கா விரலால் தட்டி, ஓசையைக் கேட்டு, தலையசைத்தார்.

அத்தோடு முடிந்ததா? கல்லின் நடுவில் தேய்ந்த குழியைச் சமப்படுத்த வேண்டும் என்று, கார் நிறுத்தும் இடத்தில் மணலையும் தண்ணீரையும் கொட்டி மூன்று நாள் தேய்த்தார். நான் கார் நிறுத்தச் சாலையில் இடம் தேடினேன். புதிதாகப் போட்ட சிமெண்ட் தரையில் ஒரு பள்ளம் விழுந்தது. நான்காம் நாள் காலை எங்கள் வீட்டுக் கத்திகள் எல்லாம் தீட்டப்பட்டிருந்தன. என் மனைவி அன்றே விரலை வெட்டிக்கொண்டார். அக்கா கட்டுப் போட்டுவிட்டு, "நவுரு, நான் பாக்குறேன்" என்று அடுப்படிக்குள் போனார்.

அதன்பின் நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். சிறுநீரகம் பழுதாகி, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகும் நிலை வந்தது. அங்கேயும் தாதியரின் கத்தரிக்கோல் மொட்டை என்று குறை சொன்னார். கடைசி நாள் காலையில் தேத்தண்ணி கேட்டார். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "இது தேத்தண்ணியா? பாத்திரம் கழுவுன தண்ணி" என்றார். வேறு கலக்கிக் கொண்டு வருவதற்குள் போய்விட்டார்.

நான் வேலையில் இருந்த நாட்களில் அக்காவைக் காரில் ஏற்றிச் சென்ற பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தாருக்கும், அவர் வாய்க்கு அஞ்சாமல் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், இறுதிக் காரியத்துக்குக் கமுந்திங்கிலிருந்தும் பழைய தோட்டத்துப் பக்கமிருந்தும் வந்து தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா யாருக்கும் வாய்விட்டு நன்றி சொன்னவர் அல்லர். கடைசியில் அந்த வேலையையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்.