சடாரி என்று நான் சொன்ன கிண்ணம்

என் மகளுக்கு இருபத்தாறு வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு, பேச்சும் கிடையாது. நாங்கள் இருப்பது தாமலில். சனிக்கிழமையானால் பஸ் பிடித்து காஞ்சிபுரம் பெருமாள் கோயிலுக்குப் போய்விட வேண்டும் அவளுக்கு. பட்டர் சடாரியை எடுத்ததும் முதல் ஆளாகத் தலை குனிவாள். வைத்து எடுத்த பிறகும் சிரித்துக்கொண்டு குனிந்தே நிற்பாள். "இன்னொரு தரமா?" என்று பட்டர் மறுபடியும் வைப்பார்.

போன வருடம் திடீரென்று சாப்பிட மறுத்தாள். கன்னத்தில் அடித்துக்கொண்டாள். திருஷ்டி என்று நினைத்து நாலு நாள் சுற்றிப் போட்டோம். பிறகுதான் கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று தெரிந்தது. ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே மாணவர்களைப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன்.

ஒரு மாணவியிடம் ஒப்படைத்தார்கள். பொறுமையான பெண். சின்னக் கண்ணாடியை என் மகள் கையில் கொடுத்தாள், நாற்காலியை ஏற்றி இறக்கிக் காட்டினாள். இரண்டு முறை போயும் வாய் திறக்கவில்லை.

"அவசரப்படாதீங்கப்பா. இன்னும் ரெண்டு தரம் வந்தா பழகிடுவாங்க" என்றார் சொல்லிக்கொடுக்கும் மேடம்.

மகள் வலியில் படும் பாட்டைப் பார்க்க எனக்குத்தான் பொறுக்கவில்லை. மூன்றாம் முறை, மேடம் வருவதற்குள் மாணவியிடம் சொன்னேன்:

"அந்த சில்வர் கிண்ணத்தக் கவுத்து அவ தலைல வைம்மா. சடாரின்னு நான் சொல்றேன். அப்பறம் தீர்த்தம்னா வாயத் தொறந்துடுவா."

"ஏமாத்தற மாதிரி இருக்குதே அங்கிள்?"

"பெருமாள் பேரத்தானே சொல்றேன்? தப்பில்லம்மா."

வைத்தாள். என் மகள் கண்ணை மூடித் தலை குனிந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. தீர்த்தம் என்றேன், வாய் திறந்தது. மேடம் வந்து, "பரவால்லியே, எப்படி?" என்றார். நாங்கள் இருவரும் வாயே திறக்கவில்லை. மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஊசி இறங்கியதும் அவள் கண் திறந்து என்னைத்தான் பார்த்தாள்.

சொத்தைப் பல் வெளியே வந்துவிட்டது. வலியும் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை பட்டர் சடாரியை எடுத்ததும், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"கொயந்தைய இன்னா பண்ணீங்க?" என்று வெளியே வந்ததும் மனைவி கேட்டாள். சொன்னேன்.

"அவளுக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்" என்றாள். பஸ்ஸில் மகளைத் தன் பக்கம் உட்கார வைத்துக்கொண்டாள்.

கல்லூரிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். மாணவி அழுதுவிட்டாள். மற்றப் பற்களையும் பார்க்க வேண்டியிருந்ததால், பிறகு மேடம் சொன்னபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கிண்ணத்தைக் கிண்ணம் என்றே சொன்னாள். "கொஞ்சம் வலிக்கும்கா. கையத் தூக்கு, நிறுத்திடறேன்" என்பாள், தூக்கினால் நிறுத்துவாள். பல மாதம் ஆயிற்று. இப்போது என் மகள் தானாகவே நாற்காலியில் ஏறி வாய் திறக்கிறாள். புதிதாக வரும் மாணவர்களுக்கு நடந்ததைச் சொல்லச் சொல்லி மேடம் என்னைக் கூப்பிடுகிறார். போய்ச் சொல்கிறேன். ஊசியை ஊசி என்றே சொல்லுங்கள் என்கிறேன்.

கோயிலில்தான் இன்னும் சரியாகவில்லை. பட்டர் சடாரியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்காகக் கொஞ்சம் காத்திருப்பார். அவள் என் துண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் வாயைப் பொத்தியபடி பின்னால் நிற்பாள். "அடுத்தவங்களுக்கு வைங்க சாமி" என்று நான் விலகிக்கொள்வேன்.

பெருமாளே, அவள் பயப்படுவது உனக்கு இல்லை, நான் சொன்ன பொய்க்குத்தான். இதை அவளுக்கு எப்படிச் சொல்வேன்?