தமிழில் தட்டினால் எதுவும் வராது

ஈப்போவில் நான் வேலை பார்க்கும் நூலகத்தின் இணையத்தளத்துக்குப் புதிய தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது சந்தோஷப்பட்டேன். பழையதில் தமிழில் தட்டினால் எதுவும் வராது. புத்தகம் அலமாரியில் இருக்கும். திரையோ ‘இல்லை’ என்று சொல்லும்.

இரண்டு மென்பொருள்கள் கடைசிவரை நின்றன. ஒன்று ஒரு நிறுவனம் விற்பது. மலாயிலும் ஆங்கிலத்திலும் அருமையாகத் தேடும். தமிழில் எழுத்துகளின் கொம்பையும் காலையும் புள்ளியையும் உதறிவிட்டுத் திணறும். மற்றது இலவசம், ஆனால் நாமேதான் அதற்குத் தமிழ் பழக்க வேண்டும். புந்தோங்கில் என் வீட்டு மேசையில் வாரக் கடைசிகளில் உட்கார்ந்து பழக்கினேன். ‘தோட்டம்’ என்று தட்டினால் ‘தோட்டத்து’, ‘தோட்டத்தில்’ எல்லாம் வர ஆரம்பித்தன.

அந்த நாட்களில் சுங்காயிலிருந்து ஓர் அக்கா வந்தார். மூடப்பட்ட ரப்பர் தோட்டப் பள்ளியின் ஆண்டு மலரைக் கேட்டார். என் மடிக்கணினியில், நான் பழக்கிய மென்பொருளில் தேடினேன், வந்தது. அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

“இருக்கா! வீட்ல எத்தன வாட்டி தேடுனேன், இல்லன்னே காட்டுச்சு லா!”

வகுப்புப் படம் ஒன்றில் விரலை வைத்தார். “என் தம்பி. சின்னதுலயே போயிட்டான். எங்ககிட்ட வேற படமே கெடயாது.” கைப்பேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலைமை நூலகரும் தமிழர்தான்.

“தமிழ்ல யாரு தேடுறா? ரிப்போர்ட்ல ஆளே இல்லயே.”

“தேடித் தேடிக் கெடைக்காம விட்டுட்டாங்க மேடம்.”

“சரி, நீ மாத்தலாகிப் போயிட்டா இத யாரு பாத்துக்குவா?”

நிறுவனத்தின் மென்பொருளையே வாங்கினார்கள்.

அடுத்த வருடம், யாரும் தேடாத புத்தகங்களைக் கழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தமிழ் அலமாரியில் பாதி போயிற்று. நான் விடுப்பில் இருந்த வாரத்தில் பழைய காகித லாரி வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

சில மாதங்கள் கழித்து அந்த அக்கா தொலைபேசியில் அழைத்தார். “கைப்போன் தண்ணில விழுந்துருச்சுமா. தம்பி படமும் அதோட போச்சு. நாளைக்கு வாரேன், அந்தப் புத்தகத்த எடுத்து வைக்கிறியா?”

புத்தகம் இல்லை என்றேன்.

“மொதல்லயும் இல்லன்னுதான காட்டுச்சு? நல்லாத் தேடிப் பாரும்மா.”

நடந்ததைச் சொன்னேன். அவர் பக்கம் தொலைக்காட்சி ஓடும் சத்தம் கேட்டது. பிறகு “சரிம்மா” என்று வைத்துவிட்டார்.

நூலகத்தில் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறேன், மாற்றலாகவில்லை. நிறுவனத்திடம் வாங்கிய தேடுபொறியில் தமிழில் ஒரு சொல்கூட நான் தட்டிப் பார்ப்பதில்லை; இல்லை என்று காட்டினால் இப்போது அது உண்மையாகவும் இருக்கலாம்.