கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது

கும்மிடிப்பூண்டி ரயில் சிக்னலுக்காக வயல்களுக்கு நடுவே நிற்கிறது. வெளியே தேங்கிய தண்ணீரில் தொழிற்சாலைப் புகைபோக்கி தலைகீழாக மிதக்கிறது. அதன் புகைக்குள் ஒரு கொக்கு நடக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இன்று மாதிரி வகுப்பு எடுக்கப் போகிறேன். ஜப்பானில் ஓர் ஆசிரியை, கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு பிள்ளைகளுக்காகக் காத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். அதைத்தான் செய்துகாட்ட வேண்டும். எனக்கோ கேள்வியின் வாலைப் பிடித்துக்கொண்டே பதிலும் குதித்துவிடும்.

பயிற்சிக்காக, எதிரே கம்பெனிச் சீருடையில் இருக்கும் பெண்ணிடம் கேட்கிறேன். "அந்தப் புகையெல்லாம் எங்கேம்மா போகுது?"

அவர் வெளியே பார்க்கிறார். கொக்கும் நின்றுவிடுகிறது. பதிலை நானே சொல்லிவிட என் நாக்கு, மூத்திரம் முட்டிய பிள்ளை மாதிரி துள்ளுகிறது.

"கேட்டுட்டு இன்னாத்துக்கு சார் இப்படி முழிச்சிக்கினு கீறீங்க?"

எல்லாவற்றையும் உளறுகிறேன். சிரித்தவர், பள்ளியின் பெயரைக் கேட்டதும் முன்னால் சாய்கிறார்.

"எம் பொண்ணு அங்கதான் எட்டாவது. எல்லாம் தெரியும் சார், வாய் தொறக்கத்தான் லேட்டாவும். அதுக்குள்ள டீச்சரு அடுத்த புள்ளைக்குப் பூடறாங்க."

"பேர் என்னம்மா?"

"சொல்ல மாட்டேன். கடைசியா ஒண்ணு வாயத் தொறக்கும் பாருங்க, அதான். அதுவரிக்கும் கம்முனு இருங்க."

வண்டி நகர்கிறது. புகை எங்கே போகிறதென்று அவர் இன்னும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, நானும் சொல்லவில்லை.